நோட்டீசில் இருந்தவள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிற எட்வர்ட், சேர்த்து வைத்திருந்த நாற்பத்திரண்டு நாள் லீவையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கேட்டபோது, ஆபீசில் இருந்தவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே அரை நாள் லீவு போதும் என்று சொன்ன ஆள். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பைக்கில் ஒடிசா எல்லை வரைக்கும் என்றார். ஏன் போகிறார் என்பது ஆலை வாசலில் டீ விற்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி கிரேஸ் காணாமல் போய் ஏழு மாசம் முடிந்திருந்தது.

பைக்கில் நாடு சுற்றுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். முழங்காலுக்குக் கவசம், ஹெல்மெட்டில் கேமரா, வண்டியின் முதுகில் ஒரு குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்கத்தா ரோட்டில் வரிசை கட்டிப் போகிறவர்களை எட்வர்டும் பார்த்திருக்கிறார். "துன்ன சோறு செரிக்காம சுத்துதுங்க" என்று கிரேஸிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார். ஐம்பத்திரண்டு வயசில் அவருக்கே அந்தக் குடித்தனம் தேவைப்படும் என்று யார் கண்டது?

அந்த வித்தை தெரிந்தவர் என்று ஆலையில் இருந்தது ஒரே ஆள், சூப்பர்வைசர் துளசிராமன். பள்ளிப்பட்டுப் பக்கம் நெல்லும் கரும்புமாக விளைவிக்கிற குடும்பம். வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு, அப்பாவைக் கூப்பிடுவது நைனா என்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனியாக லடாக் வரைக்கும் பைக்கில் போய் வந்தார். போய் வந்தது இருபது நாள்; அதைச் சொல்லி முடிக்க இரண்டு வருஷம் போதவில்லை. அவர் 'மணாலி தாண்டினதும்' என்று ஆரம்பித்தால் கேண்டீனில் பாதிப் பேருக்கு அவசர வேலை வந்துவிடும். அப்பேர்ப்பட்டவர், எட்வர்ட் வந்து யோசனை கேட்ட அன்றைக்கு மணாலியின் பெயரையே எடுக்கவில்லை.

"ட்ரெயின்ல போலாமேண்ணா. இன்னாத்துக்கு பைக்கு?"

"ட்ரெயின் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது சார். அவ எங்க எறங்கனாளோ, எறங்கி எந்தப் பக்கம் நடந்தாளோ. இந்த மாதிரி ஆளுங்கள வெச்சிக்கிற ஹோமுங்க எல்லாம் ஊருக்கு வெளிய வயக்காட்டுல கீது. பஸ்சு கூட போகாது."

"சரி, லாட்ஜ் எடுத்தாவது தங்குங்க. டென்ட்டு எல்லாம் இந்த வயசுல பேஜாருண்ணா."

"லாட்ஜ் டவுன்ல இருக்கும் சார். நான் விடியசொல்ல ஸ்டேஷன்ல நிக்கணும். மத்தியானம் கோயில்ல சோறு போடசொல்ல அங்க நிக்கணும். வழி தெரியாததுங்க எல்லாம் சோத்துக்கு அங்கதான் வருதுங்க. ஏழு மாசமா இத்தத்தானே பாத்துக்கினு கீறேன்."

துளசிராமன் மறுநாளே தன் டென்ட்டையும் படுக்கை விரிப்பையும், வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற பைகளையும் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு சட்டமும் சொன்னார். "தேவைன்னு தோணுறத எல்லாம் தரையில பரப்புங்க. அதுல பாதிய எடுத்து பீரோவுல வையுங்க. மீதிய மட்டும் கட்டுங்க. இல்லன்னா வண்டி உங்கள ஓட்டும்."

எட்வர்ட் தரையில் பரப்பினார். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் ஒவ்வொன்று. பஞ்சர் ஒட்டுகிற டப்பா, கைப் பம்பு, ஸ்பார்க் பிளக். மழைக் கோட்டு. இரண்டு பேண்ட், மூன்று சட்டை, லுங்கி. நெற்றியில் மாட்டுகிற லைட். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க். சின்ன ஸ்டவ், ஒரு பாத்திரம், ரவை, அரிசி, உப்பு. சர்க்கரை வியாதிக்கான மாத்திரை நாற்பத்திரண்டு நாளுக்கு. கிரேஸுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் ஒரு மாசத்துக்கு. நானூறு நோட்டீஸ் அடங்கிய கட்டு. அப்புறம் இரண்டு ஹெல்மெட்.

பார்க்க வந்த துளசிராமன், பெரிய பையைத் தூக்கிப் பின்சீட்டின் மேல் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். தனியாகப் போகிறவனுக்குப் பின்சீட்டுதான் அலமாரி. எட்வர்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பின்சீட்டுல எதுவும் வேணாம் சார்."

"அப்ப இத்த எங்கண்ணா வைப்பீங்க?"

"திரும்பி வரசொல்ல அவ எங்க ஒக்காருவா?"

துளசிராமன் கயிற்றை விட்டுவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு இருவரும் மறுபடி முதலிலிருந்து கட்டினார்கள். ஸ்டவ் பீரோவுக்குப் போனது. அரிசி போனது. மூன்று சட்டை இரண்டாயிற்று. பக்கத்துப் பைகளில் திணிக்க முடிந்தது மட்டும் வண்டியில் ஏறியது. டென்ட்டைப் பெட்ரோல் டேங்க்குக்கு மேலே கட்டினார்கள், கைப்பிடியைத் திருப்பினால் இடிக்கத்தான் செய்தது.

டென்ட்டை எப்படி நிறுத்துவது என்று ஒரு நாள் சாயந்திரம் காலனி சர்ச்சுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பழகிப் பார்த்தார். காலனியே கூடி வேடிக்கை பார்த்தது. குச்சி ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறு பக்கம் சாய்ந்தது. ஒரு வழியாக நிறுத்தி உள்ளே படுத்தார். மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில் துணி. வெக்கை. 'எனக்காவது இது இருக்கு, அவள் எதன் கீழே படுத்திருப்பாள்' என்று தோன்றிய மாத்திரத்தில் மூச்சு முட்டி, தவழ்ந்து வெளியே வந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. அவர் அழுதுகொண்டிருந்ததை அது கவனிக்கவில்லை.

கிரேஸுக்கு மறதி வந்தது நாற்பத்தைந்து வயசில். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போடுவதாகத்தான் ஆரம்பித்தது. அதற்கெல்லாம் டாக்டரிடம் ஓடுகிற ஜாதியா நாம்? பிறகு மகளின் பெயர் மறந்தது. பிறகு வீட்டுக்கு வருகிற சந்து மறந்தது. சென்னையில் பெரியாஸ்பத்திரி டாக்டர், இது வயசானவர்களுக்கு வருகிற நோய், ஆயிரத்தில் ஒருத்தருக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது, மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்றார். கிரேஸ் கார் உதிரிப் பாகங்களைப் பெட்டியில் அடுக்குகிற கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். பெட்டிக்குப் பத்து வைக்க வேண்டிய இடத்தில் ஏழும் பதிமூன்றுமாக வைக்க ஆரம்பித்தபோது காண்டிராக்ட்காரர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போயிற்று. வேலை போனதையும் கிரேஸ் மறந்துபோனாள். விடியும் முன்னால் எழுந்து, தலை வாரி, வேலைக்குப் போகக் கிளம்பி நின்றாள்.

நைட் ஷிஃப்டுக்குப் போகும்போது எட்வர்ட் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார். பொண்டாட்டியை ஆடு மாடு மாதிரி பூட்டி வைக்கிறான் என்று காலனியில் பேச்சு எழுந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு ராத்திரி பூட்டாமல் போனார். காலையில் ஏழு மணிக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. பேச்சுக் கிளப்பியவர்களில் ஒருத்தராவது அன்றைக்கு நாலு ரோடு வரைக்கும் போய்த் தேடினார்களா என்றால் இல்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தார். ஐந்நூறு நோட்டீஸ் அடித்தார். முதல் வாரத்திலேயே மைதா மாவு கிண்டிப் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் பொன்னேரி, மீஞ்சூர் என்றும் அந்தப் பக்கம் ஆந்திர எல்லையைத் தாண்டி ஆறு ஸ்டேஷன் வரைக்கும் தன் கையாலேயே ஒட்டினார். பிறகு சென்னைக்குப் போனார். வேளாங்கண்ணிக்குப் போனார், புத்தி மாறினவர்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேருவார்கள் என்று ஒருத்தர் அடித்துச் சொன்னார். திருத்தணிக்குப் போனார், இன்னொருத்தர் அங்கே என்றார். ஏழு மாசத்தில் நோட்டீசில் இருந்த நம்பருக்கு உருப்படியாக ஒரு போன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கடவுளைக் கேட்டார். நோட்டீசைக் கேட்டிருக்க வேண்டும்.

போன மாசம்தான் ஒரு வழி தெரிந்தது. ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற சந்திரகலா, பேறுகாலத்துக்கு நிற்கிற மகளைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போய், ஆறு மாசம் கழித்துத் திரும்பி வந்திருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "கிரேஸக்காவா? நான் ஊருக்குப் போன அன்னிக்குத்தான் நெல்லூர் பாசஞ்சர்ல ஏறிச்சே. ஷிஃப்டுக்கா அக்கான்னு கேட்டேன். ஆமான்னுச்சி."

வடக்கே! அன்றைக்கே எட்வர்ட் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். தண்டவாளம் போகிற வழியில், ஒடிசா எல்லையில் இருக்கிற இச்சாபுரம் வரைக்கும் உள்ள ஸ்டேஷன்களை எல்லாம் வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள கோயில், சர்ச், ஹோம், பெட்ரோல் பங்க். பங்க்காரரிடம் கேட்டால் டென்ட் போட இடம் விடுவார்கள் என்று துளசிராமன் சொல்லியிருந்தார். முதல் ஆறு ஸ்டேஷன்களுக்கு நேராக 'முடிஞ்சது' என்று எழுதிக் கோடு இழுத்தார். அங்கேதான் நோட்டீஸ் ஒட்டியாயிற்றே; ஒரு தகவலும் இல்லையே. நாற்பத்திரண்டு நாளில் ஒரு நாளைக்கூட ஏற்கெனவே பார்த்த ஊரில் கழிக்க முடியாது. ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் போய்த் திரும்ப வேண்டும். புயல் வந்தால் ஆந்திரக் கரையில் வெட்டவெளியில் கிடக்கிறவர்கள் கதி என்ன ஆகும்? கண்டுபிடித்தாலும் தன்னை அவளுக்கு அடையாளம் தெரியுமா? அந்தக் கேள்வியை நோட்டில் எழுத இடம் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. சோழவரத்தில் கட்டிக் கொடுத்திருந்த மகள் சோனியா, கைக்குழந்தையோடு வந்திருந்தாள். தானும் கூட வருகிறேன் என்று நாலு நாளாகப் போனில் அடம் பிடித்துப் பார்த்துவிட்டு, குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் ஓய்ந்துபோயிருந்தாள். அப்பா கட்டிய பையை அவிழ்த்து மறுபடி மடித்து வைத்தாள்.

"ப்பா, அம்மாவுது எதுனா ஒண்ணு எடுத்துக்கினு போப்பா. உன்ன தெரிலன்னாலும் அத்தப் பாத்தா தெரியும்."

சரியென்று பட்டது. கதவுக்குப் பின்னால், கிரேஸ் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாசமாக யாரும் தொடாத பை. எட்வர்ட் அதைக் கட்டிலில் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், தைலம், இரண்டு ஹேர்பின், கழுத்தில் மாட்டுகிற கயிற்றோடு, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கம்பெனி அட்டை. அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"இது யாரு கார்டு? வேற யாருதோ மாத்தி எடுத்துக்கினு வந்துட்டாளா?"

சோனியா வாங்கிப் பார்த்தாள்.

"அம்மாதான்ப்பா."

கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து எடுத்த படம். முடி முழுவதும் தொப்பிக்குள். கறுத்த முகம். கன்னம் இரண்டிலும் திட்டுத் திட்டாக மங்கு. நெற்றியில், சின்ன வயசில் கல் பட்டுக் கிழிந்த தழும்பு. கண்ணுக்குக் கீழே தூக்கம் போதாத வீக்கம். சிரிப்பு இல்லை. இருபத்தாறு வருஷம் தினமும் பார்த்த முகம். அதை அவர் யாருது என்று கேட்டார்.

நோட்டீஸ் கட்டைப் பிரித்து ஒன்றை உருவி அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். நோட்டீசில் இருந்தவள் வேறு ஒருத்தி. சிவந்த, மழமழவென்ற, முப்பது வயசுக்காரி.

நம் ஊர் ஃப்ளெக்ஸ் போர்டில் கறுப்பாக யாரையாவது பார்த்திருக்கிறோமா? காதுகுத்தோ கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, செத்தவரைக்கூட வெளுத்துத்தானே வழியனுப்புகிறோம். சோனியா கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் பெண்ணைப் பெற்றவர்கள் படமும் இருந்தது. கிரேஸ் படத்தைக் கொடுத்தபோது, "கொஞ்சம் கலரா போட்டுக் குடு தம்பி" என்று ஸ்டூடியோக்காரரிடம் சொன்னது எட்வர்ட்தான். அவரும் குறை வைக்கவில்லை. மங்கை அழித்தார், தழும்பை அழித்தார், நரையைக் கறுப்பாக்கினார், தாடையைக்கூடக் கொஞ்சம் செதுக்கினார். கல்யாணத்தன்று கிரேஸ் அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று, "நானாய்யா இது?" என்று வெட்கப்பட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் காணாமல் போன வாரம், நோட்டீஸ் அடிக்க நல்ல படமாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டதும், அந்தப் படத்தையே கொடுத்தார். நல்ல படம்!

"உன் போன்ல பாரு. அம்மா போட்டோ வேற இருக்குதா பாரு."

சோனியா பார்த்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை. போனே தன்னால் முகத்தை வெளுத்துக் கொடுத்திருந்தது; சிலதில் தலையில் பூ முளைத்திருந்தது. மீதியில் மங்கு தெரியக் கூடாது என்று கிரேஸ் கையால் மறைத்திருந்தாள்.

"ஏழு மாசம்" என்றார் எட்வர்ட். "இல்லாத ஒருத்திய இல்ல தேடிக்கினு இருந்தேன்! எனக்கே தெரில. கட்டனவன் எனக்கே தெரில. ஊர்க்காரனுக்கு எப்டிடி தெரியும்?"

தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். குழந்தை வீறிட்டது. சோனியா அழுதுகொண்டே கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு நோட்டீஸ் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய், வெந்நீர் அடுப்பில் திணித்துக் கொளுத்தினார். நானூறும் எரிந்தது. அத்தனை பேர் கண்ணில் பட்டும் அவளை மறைத்து வைத்திருந்த காகிதம் அல்லவா? எரியட்டும்.

துளசிராமனுக்குப் போன் பண்ணியதும் வந்தார். அட்டையில் இருந்த படத்தைப் பெரிசாக்கி, தமிழில் ஒரு பக்கமும் தெலுங்கில் ஒரு பக்கமும் எழுதி, கலர் ஜெராக்ஸ் போடலாம் என்றார். தெலுங்கு எழுத்து அவர் பொறுப்பு. பேனாவை வைத்துக்கொண்டு ஓர் இடத்தில் தயங்கினார்.

"நிறம்னு வருதே. மாநிறம்னு போட்றலாமாண்ணா?"

"கறுப்புன்னே போடுங்க சார்."

"இல்லண்ணா, கொஞ்சம் கௌரவமா..."

"கறுப்பு. ரெண்டு கன்னத்துலயும் மங்கு. நெத்தியில தழும்பு. கேட்டா பேரு சொல்லத் தெரியாது. அப்படியே எழுதுங்க. கௌரவம் பாத்துத்தான் அவள தொலைச்சேன்."

நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் ஆறு ஸ்டேஷனுக்கு நேராக இருந்த 'முடிஞ்சது'களை அடித்தார். எதுவும் முடியவில்லை. எல்லாம் முதலிலிருந்து.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினார். சோனியா ஜெபம் பண்ணினாள். துளசிராமன் செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பின்சீட்டு காலியாக இருந்தது. அதன் கம்பியில் இரண்டாவது ஹெல்மெட் தொங்கியது. எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்றார். பழைய நோட்டீஸ் எங்கேயும் மிச்சமில்லை. மழையும் மாடும் தின்றிருந்தன. புதிதை ஒட்டினார். போர்ட்டரிடம், பழக்காரரிடம், படிக்கட்டில் பிச்சைக்கு உட்கார்ந்திருந்தவர்களிடம் காட்டினார். மூன்று ஸ்டேஷனில் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

நாலாவது, பெயருக்குத்தான் ஸ்டேஷன். இரண்டு மேடை, ஒரு தகரக் கூரை, தண்ணீர்க் குழாய். கூரைக்கு அடியில் சுவரில் அவர் ஒட்டிய பழைய நோட்டீஸ் ஒன்று புத்தம் புதுசாக, தூசி தும்பு இல்லாமல் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று ஒட்டியிருந்த இடம் வெறும் மைதாத் தழும்பாக இருந்தது. மேடை ஓரத்தில் இட்லிக் கடை போட்டிருந்த ஜானகியம்மாள் என்ற பெரிய உடம்புக்காரியிடம் புதிய படத்தை நீட்டினார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஐயையோ, இது நம்ப ஷிஃப்டம்மா ஆச்சே!"

எட்வர்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பேரு கேட்டா சொல்லத் தெரியாது நைனா. ஷிஃப்டுக்கு நேரமாச்சு, ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு சொல்லிக்கினே இருக்கும். நாங்களே பேரு வெச்சிட்டோம். தை மாசக் கடைசியில தண்டவாளத்து ஓரமா நடந்து வந்துச்சி. ஆறு மாசம் இங்கதான். என் கடையிலதான் காலைல நாஷ்டா. டம்ளர எல்லாம் கழுவி, பத்துப் பத்தா எண்ணி அடுக்கிக் குடுக்கும். தங்கமான பொம்பள. நீ யாரு நைனா?"

"ஊட்டுக்காரன். எங்கம்மா இருக்கா? எங்க அவ?"

ஜானகியம்மாளின் முகம் மாறியது. "இப்ப இங்க இல்லியே நைனா. போன மாசம் போய்ட்ச்சே."

எட்வர்ட் சுவரைக் காட்டினார். "அந்த நோட்டீசுல நம்பரு இருந்துச்சே. ஆறு மாசத்துல ஒரு போன் பண்ணக் கூடாதாம்மா?"

அவள் சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். அவர் கேட்டது அவளுக்குப் புரியவே இல்லை.

"அது யாரோ செவப்பா, டீச்சர் மாதிரி இல்ல இருக்காங்க? அவங்களக் காணோம்னுதானே போட்டிருக்குது?"

"அது அவதாம்மா. ஸ்டூடியோவுல வெளுப்பாக்கிட்டாங்க."

"தேவுடா!" ஜானகியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெனம் காலைல எழுந்ததும் முந்தானையால அந்தக் காகிதத்தத் தொடைக்கும் நைனா. யாரு ஒட்டுனாலும் மேல ஒட்ட விடாது. யாரும்மா அதுன்னு கேப்பேன். 'நம்ப ஊட்டு ஆளு, காணாமப் பூட்டாங்க'ன்னு சொல்லும். அக்காவோ தங்கச்சியோன்னு நெனச்சோம். காணாமப் போனவங்களத் தேடிக்கினு வந்து இங்க குந்தினு கீதுன்னு இந்த ஸ்டேஷனே நெனச்சிது. பாவம்னு சொல்லி எல்லாரும் சோறு போட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் ரெண்டுல ஒண்ண உரிச்சி, மடிச்சி, ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிக்கிச்சி. 'நான் போயி அவங்கள இட்டுக்கினு வந்துர்றேன்'னு சொல்லிட்டு விஜயவாடா போற வண்டியில ஏறிடுச்சி. நான்தான் நைனா தக்காளி சாதம் கட்டிக் குடுத்தேன். கெடச்சிடுவாங்க, தைரியமா போம்மான்னு சொல்லி இந்தக் கையாலதான் ஏத்தி உட்டேன்."

எட்வர்ட் வாய்விட்டு அழுதார். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவு. ஆறு மாசம் அவள் தன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறாள். அவர் வேளாங்கண்ணியில் இருந்திருக்கிறார். ஜானகியம்மாளும் அழுதாள். வண்டிக்குக் காத்திருந்தவர்கள் எட்டி நின்று பார்த்தார்கள்.

அழுகை ஓய்ந்ததும் எழுந்து குழாயில் தண்ணீர் பிடித்து வந்தார். சுவரில் இருந்த அந்தப் பழைய நோட்டீசின் மேல் தெளித்து ஊறவைத்து, நகத்தால் ஓரம் ஓரமாக நெம்பி, கிழியாமல் உரித்து எடுத்தார். வீட்டில் எரித்த நானூறும் நெஞ்சை அறுத்தன. ஜானகியம்மாளின் கடை அடுப்புப் பக்கத்தில் காயவைத்து, டேங்க்கில் கட்டியிருந்த டென்ட்டுக்கு மேலே கயிற்றில் செருகினார். அந்த அம்மாள் மடித்துக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தியபோது உச்சி வெயில். மேடையில் ஒரு வயசான போர்ட்டர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். எட்வர்ட் இரண்டு காகிதத்தையும் கையில் எடுத்தார். எதை நீட்டுவது என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சிவந்த முகம் இருந்ததை நீட்டி, தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், இந்த அம்மாவைத் தேடிக்கொண்டு யாராவது வந்தார்களா என்று கேட்டார்.